காவிரி மணலில் பார்த்தது நீர்நாய்த் தடமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரல் ஐந்து பதிந்து, விரல்களுக்கு நடுவே சவ்வின் மங்கலான கோடும் இருந்தால் அது நீர்நாய்தான். தெருநாய்க்கு நான்கு விரல்தான் பதியும்.

மூன்று முறை காலை பத்து மணிக்குப் போயும் நீர்நாய் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். அந்த நேரத்துக்குப் போனதுதான் காரணமாக இருக்கும். துவைக்க, குளிக்க ஆட்கள் வந்துவிட்டால் நாணலுக்குள் போய்விடும். விடிந்த முதல் ஒரு மணி நேரம் பாருங்கள், இல்லை பொழுது சாயும்போது.

அதற்கு முன், தடத்துக்குப் பக்கத்துப் பாறைகளைப் பாருங்கள். ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப எச்சமிடும். மீன் செதிலும் முள்ளுமாக, கவிச்சி வாடையோடு ஈரமாக இருந்தால் சமீபத்தில் வந்திருக்கிறது.

எனக்கு அமைந்தது ஒகேனக்கல் பக்கம், பரிசலுக்குக் காத்திருந்தபோது. முதலில் ஒரு கீச்சொலி. அப்புறம் ஐந்து தலைகள், மீசையில் நீர் சொட்டச் சொட்ட. ஒன்று மீனை இரு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து மென்றது. அந்த நறநறப்பு கரை வரை கேட்டது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தேன்.

ஒன்று மட்டும்: இளகிய மணலில் தடம் கலைந்து ஏமாற்றும், எச்சத்தையும் பார்த்தே முடிவு செய்யுங்கள். குட்டிகள் தெரிந்தால் கிட்டே போகாதீர்கள், வளையையே விட்டுப் போய்விடும்.