இந்தப் பொடிக்கு வவுச்சர் எங்கே?

கேள்வி: என் கணவருக்கு வயது 66. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 1990-களின் பிற்பகுதியில், நாளிதழில் வாராவாரம் முழுப்பக்க விளம்பரம் செய்த ஒரு நிதி நிறுவனத்தில், என் நகையை விற்ற பணத்தையும் சேர்த்து இரண்டு லட்சம் ரூபாய் போட்டு, அத்தனையையும் இழந்தார். அதன் கிளைத் திறப்பு விழாவில் அரசு அதிகாரி ஒருவர் குத்துவிளக்கு ஏற்றிய படமும் அதே நாளிதழில்தான் வந்தது. அன்று தொடங்கிய கசப்பு இப்போது முற்றிவிட்டது. மூன்று மாதங்களுக்கு முன் நாளிதழை நிறுத்தினார். "மருந்துக் கம்பெனிக்காரன் திருடன், கவர்மெண்ட் அவனுக்குக் கூட்டு, பேப்பர்காரன் வாய்க்குப் பூட்டு" என்று சொல்லி, ஆறு வாரமாக இரத்த அழுத்த மாத்திரையையும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகக் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, 1,800 ரூபாய்க்கு மூலிகைப் பொடி வரவழைத்திருக்கிறார். வாதாடினால், "நான் சொல்வதில் எது பொய், சொல்" என்கிறார். பாதி சரி என்றே எனக்கும் படுகிறது. நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கும்பகோணம் வாசகி

பதில்: அன்புள்ள அம்மா,

மற்றதெல்லாம் பிறகு, முதலில் மாத்திரை. இரத்த அழுத்தம் ஏறியிருப்பது பலருக்கு உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், "நிறுத்தி ஆறு வாரமாகிறது, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அவர் சொல்வதை வைத்து நீங்கள் அமைதியடைய வேண்டாம். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே போய்விடுவதும் உண்டு. ஆகவே இந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்த மாத்திரையை, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரே சொல்லட்டும். நீங்களாகப் பழைய சீட்டைப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இனி உங்கள் கணவர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் எது பொய் என்று தேடினால், நானும் உங்களைப் போலவே திணற வேண்டியதுதான். மருந்து நிறுவனங்களையே எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபரில் வெளிவந்த செய்தி அவருக்கு நினைவிருக்கும். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஒரு நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத மருந்தில் 48.6 விழுக்காடு இருந்தது. ஏறத்தாழ பாதிக் குப்பி விஷம். இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் மாத்திரை அட்டையைச் சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்தால், அவரைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த 48.6 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தத் தொழிற்சாலையில் மாதிரி எடுத்து, அரசின் ஆய்வகத்திலேயே சோதித்துச் சொன்ன எண் அது. வேறு இடங்களில் எடுத்த மாதிரிகளில் அந்த நச்சு இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் அறிவிப்பு வந்ததும் அதே நாட்களில்தான். அந்தத் தொழிற்சாலையை உரிய காலத்தில் ஆய்வு செய்யத் தவறியதும் அரசு; நஞ்சைக் கண்டுபிடித்ததும் அரசு; முந்திக்கொண்டு ஆறுதல் சொன்னதும் அரசு. 'கவர்மெண்ட்' என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவதற்குள் கையூட்டு வாங்குபவரும் இருக்கிறார், விடுமுறை நாளில் ஆய்வகத்தைத் திறந்து குப்பியைச் சோதிப்பவரும் இருக்கிறார். மொத்தமாக நம்புகிறவரும் மொத்தமாகச் சந்தேகப்படுகிறவரும் இந்த இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள்.

நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ரான்பாக்ஸி என்ற பெரிய இந்திய மருந்து நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, தரம் குறைந்த மருந்துகளை விற்றதையும் தரவுகளில் பொய் சொன்னதையும் 2013-இல் ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் கட்டியது. அதை வெளியே கொண்டுவந்தவர் தினேஷ் தாக்கூர். அதே நிறுவனத்துக்குள் உயர் பொறுப்பில் இருந்தவர். "எல்லாரும் திருடர்கள்" என்று அவரும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் தாள்களைத் திரட்டினார்.

இங்கேதான் உங்கள் கணவரின் பழைய தொழில் எனக்கு நம்பிக்கை தருகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதிய மனிதர் அவர். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்ச் செலவை எழுதவிட்டிருப்பாரா? தணிக்கைக்கு வருகிறவர் யாரையும் நம்பாமல்தான் வருகிறார். ஆனாலும் "இந்தச் சங்கத்தில் எல்லாரும் திருடர்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. எந்தத் தேதியில், எந்த இனத்தில், எவ்வளவு தொகைக்கு ஆதாரம் இல்லை என்று ஆட்சேபக் குறிப்பு எழுதுகிறார். நம் கணக்கர் ஐயாவின் சந்தேகம் அதிகம் என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அவருக்குச் சந்தேகம் போதவில்லை என்பது என் கருத்து. மாத்திரையிடம் வவுச்சர் கேட்டவர் பொடியிடம் கேட்கவில்லையே!

அந்த டப்பாவையும் மாத்திரை அட்டையையும் மேசை மேல் அருகருகே வைத்துப் பாருங்கள். அட்டையின் பின்புறம் தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் எல்லாம் இருக்கும். அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் ஒன்றானால், 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கப்பட்ட கியூஆர் குறியும் இருக்க வேண்டும். தரக்குறைவு என்று சோதனையில் தெரியவந்த மருந்துகளின் பட்டியலை, தொகுதி எண்ணோடு, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது. அவர் கைப்பேசியிலேயே பார்க்கலாம். சித்த, ஆயுர்வேத மருந்தானாலும் உற்பத்தி உரிமமும், அந்த எண்ணும் சேர்மானமும் டப்பாவின் மேல் அச்சாகியிருப்பதும் சட்டப்படி தேவை. 'இயற்கை' என்ற ஒரு சொல் உரிமம் ஆகிவிடாது. விலையையும் அவரே ஒப்பிடட்டும். அம்லோடிபின் போன்ற பழைய இரத்த அழுத்த மாத்திரைகளைப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுத் தயாரிக்கின்றன. அவற்றுக்கு உச்ச விலையைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் விதித்திருக்கிறது. லாபத்துக்காகப் பொய் சொல்கிறார்கள் என்றால், ஒரு மாத்திரைக்குச் சில ரூபாய் வாங்குகிறவருக்கு அந்த ஆசை அதிகமா, முகவரி இல்லாமல் ஒரு டப்பாவுக்கு 1,800 ரூபாய் வாங்குகிறவருக்கு அதிகமா? பெரியவன் சொன்னால் பொய், சிறியவன் சொன்னால் மெய் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். நிதி நிறுவனத்தை அவர் நம்பியதற்கும் அன்று இப்படி ஒரு முடிவுதானே காரணம்? அப்போது பெரியவன் சொன்னது மெய்யாக இருந்தது. இப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

அந்த நிதி நிறுவனத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. நானும் பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன் என்பதால், என் சொல்லையும் நீங்கள் அதே தராசில் வைக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் இதழில், பணம் வாங்கிக்கொண்டு போடும் பக்கத்தைச் செய்தியைப் போலவே கட்டம் கட்டி, 'விளம்பரம்' என்ற சொல்லை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி வலது மேல் மூலையில் போடுவார்கள். ஒருமுறை அந்தச் சொல்லைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்ததற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாளிதழுக்கு நாம் கொடுக்கும் விலை காகிதத்துக்கும் அச்சுக்குமே போதாது. மிச்சத்தை விளம்பரதாரர்கள் தருகிறார்கள், அவர்களில் அரசும் ஒருவர். எந்தச் செய்தி முதல் பக்கத்துக்கு வரும், எது ஏழாம் பக்கத்தின் அடியில் ஒதுங்கும் என்பதை இந்தக் கணக்கு தொடவே தொடாது என்று நான் சொன்னால், அதை நம்பாதீர்கள்.

2009-இல் மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது, அப்போதைய முதலமைச்சரைப் புகழும் ஒரே கட்டுரை, சொல் மாறாமல், ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளிதழ்களில் வெளிவந்தது. அதை 'தி இந்து' நாளிதழில் எழுதி அம்பலப்படுத்தியவர் பி. சாய்நாத் என்ற பத்திரிகையாளர். இந்தியப் பத்திரிகை கவுன்சில், காசு வாங்கிப் போடும் செய்திகளைப் பற்றி விசாரிக்க இருவர் குழுவை அமைத்தது. அந்த இருவரும் பத்திரிகைகளின் பெயரைச் சொல்லியே எழுதிய 71 பக்க அறிக்கையை வெளியிடத் துணிவில்லாமல், 2010-இல் சுருக்கிய அறிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. முழு அறிக்கை 2011-இல்தான், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு வெளியே வந்தது. பத்திரிகைகளின் குற்றத்தைப் பத்திரிகையாளர் ஒருவர் சொல்ல, பத்திரிகைக்கான அமைப்பே மூட, அரசு இயற்றிய சட்டம் ஒன்று திறந்துவிட்டது. இதில் உங்கள் கணவர் எந்தப் பக்கம் நிற்பார்?

நாளிதழை நம்பும்படி அவரிடம் நான் சொல்ல மாட்டேன்; வாங்கச் சொல்வேன். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் அச்சகத்தின் இடமும் பொடி எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதேயில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் வழக்கம் அது. தவறாக எழுதினால் யார்மேல் வழக்குப் போடலாம் என்பதற்கான முகவரி அது. போன வாரம் அவருக்கு வந்த காணொளியின் அடியில் அப்படி ஒரு வரி இருந்ததா என்று, கேலி தொனிக்காமல், கேட்டுப் பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் மட்டும் எப்படி வந்தது என்கிறீர்கள்? அரசை நம்பாதவர்களால்தான் வந்தது. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்குக் கூலி சரியாகக் கிடைக்கவில்லை. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பின் பின்னால் திரண்ட அந்த ஏழை மக்கள், வருகைப் பதிவேட்டின் நகலைக் கொடு என்று கேட்டார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் தொடங்கி, ஊர் கூடிய இடங்களில் அந்தப் பதிவேடுகளை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களும் செத்துப்போனவர்களும் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது தெரியவந்தது. நம் தமிழ்நாடு 1997-இல் இதற்கென ஒரு சட்டத்தை முதல் மாநிலமாகக் கொண்டுவந்தது; நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. வெள்ளைத் தாளில் மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. கோப்புகளை நேரில் போய்ப் பார்க்கவும், போட்ட சாலையில் மாதிரி எடுக்கவும்கூட அதில் இடம் உண்டு. கணக்கும் தெரிந்து, கைநிறைய நேரமும் உள்ள ஓய்வு பெற்ற கணக்கரைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்? உங்கள் தெருவின் சாக்கடைக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கிறார்கள் என்று அவர் ஒரு மனு போடட்டும். காணொளி பார்க்க நேரம் குறையும் என்பது உங்களுக்குக் கூடுதல் ஆதாயம்.

இரத்த அழுத்தத்திலும் அவரையே தணிக்கையாளர் ஆக்குங்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் ஒரே நேரத்தில், உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து, அவர் கையாலேயே அளந்து, பழைய பேரேட்டில் கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். கருவிக்காரனும் திருடன் என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் ஒருமுறை அளந்து இரண்டையும் ஒத்துப் பார்க்கட்டும். அரசின் மேல் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட, வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தப் பெண்ணைப் பெரும்பாலும் நம்புகிறார்கள், அதில் தவறில்லை.

ஒன்றை மட்டும் தவிருங்கள். அவர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் மறுப்புச் செய்தி தேடி அனுப்பாதீர்கள். இரண்டு லட்சம் போன அன்று "அப்போதே சொன்னேனே" என்று யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம். ஏமாந்தவர் இரண்டாம் முறை ஏமாறக் கூடாது என்ற அச்சத்தில்தான் இத்தனையும் செய்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். அந்த நிதி நிறுவனம் மோசம் செய்தது. விளம்பரம் போட்ட நாளிதழும் விளக்கேற்றிய அதிகாரியும் அதற்கு ஒருநாளும் பதில் சொல்லவில்லை. அவர் கோபம் நியாயமானது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் நகையும் அதில் போனது என்பதால், அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போகும் முன், அதன் மேல் உள்ள உரிம எண், முகவரி, சேர்மானம் மூன்றையும் அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால், தாளைக் காலியாகவே கொண்டுபோகட்டும்.