தாய்மாமன் சீருக்காக டாப்-அப் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 43, கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். 15 சதவீத வட்டியில் வாங்கிய தனிநபர் கடனில் நாலரை லட்சம் பாக்கி. மாதத் தவணை சுமார் 14,300. மகள் பிளஸ் 1 படிக்கிறாள், இன்ஜினீயரிங் சேர்க்க வேண்டும். தங்கை மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு 51 தட்டுச் சீரும் நகையும் எதிர்பார்க்கிறார்கள். 3 லட்சம் ஆகும். வங்கி டாப்-அப், அதாவது இருக்கும் கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன், தரத் தயாராக இருக்கிறது. மகளின் படிப்புக்காக மாதம் 5,000 ரூபாயை யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் கலந்த திட்டம்) போடச் சொல்கிறார் நண்பர். எதற்கு முதலிடம் கொடுப்பது? (வாசகர், திருப்பூர்)

பதில்: மகளின் படிப்புதான் முக்கியம் என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால், நீங்கள் இணைத்திருக்கும் கடன் விவரம் வேறொன்றைச் சொல்கிறது. 2019-இல் தம்பியின் திருமணத்துக்கு வாங்கிய கடன், மைத்துனரின் கடைக்காக ஒருமுறையும் தங்கையின் புதுமனைப் புகுவிழாச் சீருக்காக இன்னொரு முறையும் டாப்-அப் செய்யப்பட்டு, ஒவ்வொரு முறையும் புதிய ஐந்தாண்டுக் கடனாக மாறியிருக்கிறது. செலவைவிட, கடன் முடியும் தேதியை இப்படித் தள்ளிக்கொண்டே போகும் இந்தப் பழக்கம்தான் உங்களுக்குக் கேடு செய்கிறது.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். இப்போதுள்ள கடன் இன்னும் 40 மாதங்களில் தீரும். அதுவரை நீங்கள் கட்ட வேண்டியது ஏறக்குறைய 5.75 லட்சம். டாப்-அப் வாங்கினால் கடன் ஏழரை லட்சமாகி, தவணை 17,800-ஐத் தொட்டு, மீண்டும் 60 மாதங்கள் ஓடும், மொத்தம் 10.7 லட்சம் கட்டுவீர்கள். வங்கி அலுவலர் உங்களிடம் "மாதம் 3,500 ரூபாய்தானே கூடுகிறது" என்று சொல்லியிருப்பார். உண்மையில், 3 லட்ச ரூபாய்ச் சீருக்காக உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது ஏறத்தாழ 5 லட்சம். இன்னும் சுமார் 20 மாதங்களில் கல்லூரிக்குப் போகும் உங்கள் மகள் இறுதியாண்டுக்கு வந்த பிறகுதான் இந்தக் கடன் முடியும்.

யூலிப் வேண்டாம். ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்க முடியாத பணம், 20 மாதங்களில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு எப்படி உதவும்? "குழந்தைகளின் எதிர்காலத் திட்டம்" என்று பெயர் வைத்து விற்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அதே 5,000 ரூபாயை அசலில் கூடுதலாகக் கட்டிவந்தால், கடன் 28 மாதங்களிலேயே தீர்ந்து, அதன்பின் மாதம் 19,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கையில் நிற்கும். முதலாண்டில் மட்டுமே சிரமம் இருக்கும்; அதற்குக் கல்விக் கடனை நாடலாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்காமல் வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கிவைத்துவிடுங்கள்; கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

சீர் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாய்மாமன் வந்து நிற்க வேண்டிய சபை அது. வெறுங்கையோடு போக உங்களுக்கு மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. தீபாவளி போனஸில் 45,000 ரூபாய் மிச்சம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டுப்புடவை, மாலை, சிறிய தோடு, பழமும் இனிப்புமாகப் பதினொரு தட்டு என்று அந்தத் தொகைக்குள் நிறைவாகவே செய்ய முடியும். மண்டபத்தில் தட்டுகளை எண்ணுபவர்கள் இருப்பார்கள்தான். உங்கள் தவணையில் அவர்கள் பங்கு கட்டப்போவதில்லை.

இதை மைத்துனர் மூலம் சொல்லி அனுப்பாமல், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே தங்கையின் வீட்டுக்கு நேரில் போய், கடன் விவரத்தையும் காட்டிச் சொல்லுங்கள். அசலில் கூடுதலாகக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா, ஆண்டுக்கு எத்தனை முறை அனுமதிப்பார்கள் என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் அனுமதிக்கவில்லை என்றால், அந்த 5,000 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்கில் சேர்த்து, அவர்கள் அனுமதிக்கும் மாதத்தில் மொத்தமாகக் கட்டுங்கள்.