வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

எழும்பூர் ருக்மணி லட்சுமிபதி சாலையில்தான் என் ஆபீஸ். யார் அந்த அம்மா? யாரைக் கேட்டாலும் ‘பழைய மார்ஷல்ஸ் ரோடு’ என்கிறார்களே!
- ஒரு வாசகி, பெரம்பூர்

வெள்ளைக்காரர் பெயர் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது, என்ன செய்ய! ருக்மணி அம்மாள் 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். ‘பெண்கள் போய் என்ன செய்யப் போகிறார்கள்’ என்று ஊர் பேசிய காலம் அது. 1946-இல் சென்னை மாகாணத்தின் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். கணவர் லட்சுமிபதி ஆயுர்வேத மருத்துவர். சாலைப் பலகையில் ‘சுதந்திரப் போராட்ட வீரர், முன்னாள் அமைச்சர்’ என்று ஒரு வரி சேர்த்தால் மாநகராட்சிக்குப் பெரிய செலவாகாது.

இப்படி மறந்துபோன பெண்களை எங்கே தேடுவது?
- ஒரு கல்லூரி மாணவர், தாம்பரம்

தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். பழைய தமிழ் இதழ்களைக் கேளுங்கள். திருவல்லிக்கேணி வை.மு.கோதைநாயகி அம்மாளிடமிருந்து தொடங்கலாம். ஐந்து வயதிலேயே கல்யாணம், பள்ளிப் படிப்பு கிடையாது. முதல் நாடகத்தை அவர் வாய்விட்டுச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அப்புறம் 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தினார். எழுதிய நாவல்கள் நூற்றுக்கு மேல்!

இதழைப் புரட்டும்போது கதையோடு நிறுத்திவிடாதீர்கள். வாசகியர் கடிதங்களையும் விளம்பரங்களையும் பாருங்கள். வேறெங்கும் பதிவாகாத பெண்கள் அங்கேதான் ஊரும் பெயருமாக அகப்படுவார்கள். சொத்துப் பத்திரங்களும் உதவும். முக்கியமாக, ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் இருந்தால் சோர்ந்துவிடாமல் அந்த இன்னாரைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். அப்புறம் அந்தத் தோழி பட்டம்மாளைப் பற்றி ஏதாவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள், அவசியம் வெளியிடுகிறேன்.