ஷாக் சிகிச்சை: அம்மா அடுப்பையும் மறந்துவிடுவாரா?

கேள்வி: கடும் மனச்சோர்வால் சாப்பிடாமல் கிடந்த என் அம்மாவுக்கு (58 வயது) எட்டு முறை ஷாக் சிகிச்சை கொடுத்தார்கள். முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், சிரித்துப் பேசுகிறார். ஆனால் சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பு நடந்த பேரனின் காதுகுத்து அவருக்கு நினைவே இல்லை. ஷாக் கொடுத்த எலிகள், ஆபத்திலிருந்து விலகக் கற்றதையே மறந்தனவாம். அவரைத் தனியாகச் சமைக்க விடலாமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மையான ஆய்வுதான். 1949-இல் கார்ல் டங்கன் என்பவர், காலில் மின்சாரம் படுவதற்குள் பெட்டியின் மறுபக்கம் ஓடிவிட எலிகளைப் பழக்கினார். ஒவ்வொரு முறை பழக்கிய பிறகும் தலையில் ஷாக் கொடுத்தார். அரை நிமிடத்துக்குள் ஷாக் வாங்கியவை மிகக் குறைவாகவே கற்றன. ஒரு மணி நேரம் கழித்து வாங்கியவையோ, ஷாக்கே வாங்காத எலிகளைப் போலக் கற்றுக்கொண்டன. அதாவது அடிபட்டது, அப்போதுதான் பதிந்துகொண்டிருந்த பாடம். உங்கள் அம்மா அடுப்படியில் கற்றது நாற்பது வருடப் பாடம்.

கொதிக்கும் குழம்பை அவர் இறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கை தானாகக் கரித்துணியைத் தேடும். கோலமும் தையலும் போல, கைப்பழக்கமாகிவிட்டவற்றை இந்தச் சிகிச்சை பொதுவாகத் தொடுவதில்லை.

காதுகுத்து வேறு விஷயம். சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள், மாதங்களில் நடந்தவைதான் அதிகம் அழியும். சில திரும்பி வரும். சில வராமலே போகலாம். “எல்லாம் சரியாகிவிடும்” என்று மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தப் பயம் வந்திருக்காது. ஆனால் பட்டினி கிடந்த ஒருவரை மீட்க இவ்வளவு விரைவாகப் பலன் தரும் சிகிச்சைகள் குறைவு. அதைக் கொடுத்தது தவறல்ல.

புதிதாக நடப்பதை மனத்தில் வைத்துக்கொள்வதில் தடுமாற்றம் இருந்தால், அது பெரும்பாலும் சில வாரங்களில் சீராகும். அதுவரை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறக்கக்கூடும். சமைக்கும்போது யாராவது வீட்டில் இருங்கள். “இதுகூடவா நினைவில்லை?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். காதுகுத்துப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அன்று நடந்ததை நீங்களே சொல்லுங்கள்.

மறுபடி சிகிச்சை தேவைப்பட்டால், தலையின் வலப்பக்கம் மட்டும் மின்சாரம் செலுத்தும் முறை பொருந்துமா என்று கேளுங்கள். அதில் மறதி குறைவு. இன்னும் இரண்டு மாதம் கழித்தும் நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லையென்றால், ஷாக் மீது பழி போட்டு விட்டுவிடாமல் தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளைப் பார்த்து, நினைவாற்றல் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.