துபாயில் வாடகை வீடு: ஊரிலிருந்தே முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறேன். மூன்று மாதத்தில் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் ஒருவர் வீடு இருப்பதாகச் சொல்கிறார். இங்கிருந்தே முன்பணம் அனுப்பி வைக்கலாமா?

அனுப்பாதீர்கள். கேட்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் ஒரு திர்ஹம்கூட வேண்டாம்.

நான் கீழக்கரைக்காரன். எங்கள் ஊரில் வீடு என்பது பெண் பிள்ளைக்கு. கல்யாணமானதும் ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். உம்மா வீட்டில் பிறந்து, மாமி வீட்டில் மாப்பிள்ளையாக உட்கார்ந்த எனக்கு 29 வயதுவரை வாடகை ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. நண்பர்கள் ராமநாதபுரத்தில் ஒத்திக்கு வீடு பிடித்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஞானத்தோடுதான் 2015இல் திருச்சியில் விமானம் ஏறினேன்.

துபாயின் தேரா பகுதியில் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்து, ஒரு அறையை உள்வாடகைக்கு விட்டிருந்தார். மூன்று மாத வாடகை 6,000 திர்ஹத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. ஓலைக்கொட்டானில் கொண்டுபோன தொதலை இருவரும் பங்கிட்டுத் தின்ற பிறகு ரசீது கேட்க எப்படி வாய் வரும்? ஐந்தாவது வாரம் மின்சாரம் நின்றது. மறுநாள் நாத்தூர் (அங்கே கட்டடக் காவலாளிக்கு அதுதான் பெயர்) கதவைத் தட்டினார். ஊர்க்காரர் கொடுத்த காசோலை திரும்பிவிட்டதாம். உரிமையாளர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறாராம். அந்த வீட்டின் எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை. உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடவே கூடாது என்று 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம் சொல்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஆகஸ்ட் மாத வெயிலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா மகன் காக்காவின் (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) அறைக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, கட்டிலைக் காட்டினார்.

அதனால் முதல் ஒன்றிரண்டு மாதம் நீங்களும் பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை) இருங்கள். ஊர்க்காரரிடம் தாராளமாகக் கட்டில் கேளுங்கள், சோறு கேளுங்கள். குடும்பத்துக்கான வீட்டை மட்டும் அவர் வழியாகப் பிடிக்காதீர்கள். பெட் ஸ்பேஸிலும் ஆளை அடைத்து வைத்திருக்கும் அறைகளுக்கு மாநகராட்சி சோதனை வரும்; உங்கள் பெயரை உடன் குடியிருப்பவராகப் பதிவு செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டாலும் பயனில்லை. அங்கே வாடகையை ஆண்டுக்கணக்கில்தான் சொல்வார்கள். அதை ஒன்று, இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட காசோலைகளாகக் கையெழுத்திட்டு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். காசோலைப் புத்தகத்துக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு எமிரேட்ஸ் அடையாள அட்டை. அட்டைக்குக் குடியிருப்பு விசா. இந்த வரிசையைக் குறுக்கே தாண்ட முடியாது. மனைவிக்கு விசா எடுக்க உங்கள் பெயரில் பதிவான ஒப்பந்தமும், 4,000 திர்ஹம் சம்பளமோ, 3,000 திர்ஹமும் தங்குமிடமுமோ வேண்டும்.

ஒப்பந்தத்தை அரசிடம் பதிவதற்குப் பெயர் இஜாரி. அரபியில் ‘என் வாடகை’ என்று பொருள். அது உங்கள் பெயரில் இல்லை என்றால் அந்த வீட்டில் நீங்கள் விருந்தாளிதான். மின்சாரம், தண்ணீர் இணைப்பு தரும் ‘தேவா’வும் அந்த எண்ணைத்தான் கேட்கும். (நம் மாவட்டத்தில் தேவா என்றால் ஆள் பெயர், அங்கே மாதம் தவறாமல் பில் அனுப்புகிறவர்.)

காசு எவ்வளவு வேண்டும் என்று எல்லோரும் வாடகையை மட்டும் பார்க்கிறார்கள். ஆண்டு வாடகை 48,000, நான்கு காசோலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் காசோலை 12,000. தளவாடம் இல்லாத வீட்டுக்கு வைப்புத்தொகை வழக்கமாக 5 சதவீதம், அது 2,400. தரகர் கூலியும் பெரும்பாலும் 5 சதவீதம், இன்னொரு 2,400. தேவா வைப்புத்தொகை 2,000. இஜாரிக் கட்டணம் போன்ற சில்லறைகளையும் சேர்த்தால் சாவி கைக்கு வருமுன் 19,000 தாண்டிவிடும். அதற்கு மேல் ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாகப் பன்னிரண்டாகப் பிரிந்து தேவா பில்லில் வரும்; இந்தக் கணக்குக்கு மாதம் 200. ‘சில்லர்’ எனப்படும் குளிரூட்டும் செலவு யார் தலையில் என்பதையும் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் குடிபோனேன், ஜூலையில் அழுதேன்.

தரகரிடம் அரசுப் பதிவு அட்டை இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைத் துபாய் நிலத்துறையின் ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் சரிபாருங்கள். பட்டாவைப் பார்ப்பதுபோல உரிமைப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் யார் பெயரோ அவர் பெயருக்கே காசோலை எழுதுங்கள். வேறொருவர் வாங்குவதானால் உரிமையாளர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் காட்டட்டும். தரகர் கையில் ரொக்கம் வேண்டாம். பணம் இல்லாமல் திரும்பும் காசோலைக்கு 2022 தொடக்கத்திலிருந்து முன்போலக் குற்றவழக்கு இல்லைதான், ஆனால் உரிமையாளர் நேரே அமலாக்க நீதிமன்றத்துக்குப் போக முடியும். சம்பளம் விழும் தேதியைப் பார்த்துக் காசோலைத் தேதி கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். புதுப்பிக்கும்போது வாடகையை மாற்ற வேண்டுமானால் உரிமையாளர் 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பக்கத்திலுள்ள ஷார்ஜாவில் வாடகை குறைவு என்பார்கள். உண்மை. காலை நெரிசலில் ஒரு வாரம் போய்வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, வீட்டை மாலையில் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், நாத்தூரிடம் நின்று பேசுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார். சமையலறைக்குக் கதவு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நாங்கள் பிடித்த முதல் வீட்டில் சமையலறை கூடத்தோடு திறந்தே இருந்தது. பார்க்க அழகுதான். என் மனைவி வந்த முதல் வெள்ளிக்கிழமை சீலா மீன் பொரித்தார். அடுத்த வெள்ளிக்கிழமைவரை மெத்தையில் அந்த வாடை இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தை, அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்வரை நாங்கள் பிரிக்கவே இல்லை.