டேமேஜ் ப்ரொடெக்‌ஷனுக்குப் பணம் கட்டியும் பம்பருக்கு 14,160 ரூபாயா?

கேள்வி: மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு மூணாறு போக, ஒரு செயலி மூலம் கோவையில் செல்ஃப் டிரைவ் கார் எடுத்தேன். மூன்று நாளுக்கு வாடகை 8,700 ரூபாய், டெபாசிட் 5,000. கூடவே ‘டேமேஜ் ப்ரொடெக்‌ஷன்’ என்று 747 ரூபாய். அந்தக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. ‘உங்கள் பொறுப்பு ரூ.2,999-ஐத் தாண்டாது’ என்று கீழே இருந்ததால் நானும் அந்த டிக்கை எடுக்கவில்லை. மூணாறில் தங்கிய வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது முன் பம்பரின் ஓரம் கல் சுவரில் உரசி, ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். திருப்பி விடும்போது அங்கிருந்த பையனிடம் காட்டினேன். “பரவாயில்லை சார்” என்றார். ஆறாம் நாள் மின்னஞ்சல்: பம்பர் 12,000, அதற்கு ஜிஎஸ்டி 2,160, வண்டி ஓடாத மூன்று நாளுக்கு 7,200, இரண்டு முறை நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதற்கு 2,000. டெபாசிட் போக இன்னும் 18,360 வேண்டுமாம். வேகம் தாண்டியதால் ப்ரொடெக்‌ஷனும் ரத்து என்கிறார்கள். கட்டாவிட்டால் போலீஸ், சிபில், பெங்களூரு கோர்ட் என்று மிரட்டல். கட்டித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: 18,360 கட்ட வேண்டியதில்லை. அதற்காக ஒரு பைசாவும் தர மாட்டேன் என்று உட்காரவும் முடியாது. கீறல் விழுந்தது வண்டி உங்கள் கையில் இருந்தபோதுதான். என் கணக்கில் உங்கள் பொறுப்பு அந்த 2,999-க்குள் முடிகிறது. விளக்குவதற்கு முன், இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: செயலியில் சேமித்து வைத்த கார்டையும் யுபிஐ ஆட்டோபேயையும் நீக்கிவிடுங்கள். அப்புறம், நீங்கள் புக் செய்த பக்கம், விதிமுறைகள், பில், மின்னஞ்சல் எல்லாவற்றையும் தரவிறக்கி வையுங்கள். இந்தக் கம்பெனிகளின் விதிமுறைப் பக்கம் அடிக்கடி மாறும்.

மிரட்டலை முதலில் தள்ளிவிடலாம். வண்டியை ஒழுங்காகத் திருப்பி விட்டுவிட்டீர்கள். மிச்சம் இருப்பது பணத் தகராறு, அதில் போலீசுக்கு வேலை இல்லை. சிபில் போன்ற கடன் மதிப்பெண் நிறுவனங்களுக்குத் தகவல் தருவது வங்கி, நிதி நிறுவனம் போன்ற கடன் கொடுப்பவர்கள். கார் வாடகைக் கம்பெனி அந்தப் பட்டியலில் வராது. (வாடகையை ‘பிறகு கட்டு’ கடனில் கட்டியிருந்தால் மட்டும் அந்தக் கடனைத் தவறாமல் அடைத்துவிடுங்கள், அது வேறு கணக்கு.) பெங்களூரு கோர்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது அந்த 747 ரூபாய். பலரும் நினைப்பது போல அது இன்சூரன்ஸ் அல்ல. இன்சூரன்ஸ் விற்க, அந்தத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ-யின் அனுமதி வேண்டும், பாலிசி எண் வர வேண்டும். உங்களுக்கு அப்படி எதுவும் வந்ததாகச் சொல்லவில்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் தனியாக, கம்பெனியின் பெயரில் இருக்கும். உங்களிடம் வாங்கியது, ‘சேதம் வந்தால் இதற்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம்’ என்று கம்பெனி தானே கொடுத்த வாக்குக்கான விலை. ஒரு வகையில் இது உங்களுக்கு நல்லதுதான். சர்வேயர், கிளெய்ம் என்று எதுவும் குறுக்கே வராமல், காசு வாங்கிக்கொண்டு கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று நேரே கேட்கலாம்.

அப்படியானால் வண்டியின் இன்சூரன்ஸில் அவர்கள் ஏன் கேட்பதில்லை? பம்பர் பிளாஸ்டிக். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ வசதி எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு விலையில் 50 சதவீதம் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். கட்டாயக் கழிவு என்று இன்னொரு தொகை போகும். போதாததற்கு, கிளெய்ம் செய்தால் அடுத்த வருடம் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியம் தள்ளுபடியும் போகும். வாடிக்கையாளரிடம் முழுசாக வாங்குவது சுலபம். சில இடங்களில் இரண்டு பக்கமும் வாங்கும் பழக்கமும் உண்டு. அதனால் “இந்தச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டீர்களா? போட்டிருந்தால் கிளெய்ம் எண் என்ன?” என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

வேகம் தாண்டியதால் ப்ரொடெக்‌ஷன் ரத்து என்பதுதான் அவர்களின் முக்கிய ஆயுதம். மின்னஞ்சலோடு நீங்கள் அனுப்பிய ஜிபிஎஸ் தாளைப் பார்த்தேன். இரண்டு முறையும் முதல் நாள் காலை, கோவை–பொள்ளாச்சி நான்கு வழிச்சாலையில். கீறல் விழுந்தது மறுநாள் மூணாறில், நடை வேகத்தில் வண்டியைத் திருப்பியபோது. முந்தைய நாள் பொள்ளாச்சி சாலையில் போன வேகத்துக்கும் கல் சுவருக்கும் என்ன சம்பந்தம்? இன்சூரன்ஸ் வழக்குகளில் இந்தக் கேள்வி பழையது. சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூர் செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டியபோது திருடு போன வழக்கில், திருட்டுக்கும் அந்த விதிமீறலுக்கும் தொடர்பில்லை, அதைக் காட்டி இழப்பீட்டை முழுசாக மறுக்க முடியாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுடையது இன்சூரன்ஸ் அல்ல என்று நானே சொன்னேன். ஆனாலும் வாதம் அப்படியே பொருந்தும். கூடவே, ஒரு ஷரத்தை இரண்டு விதமாகப் படிக்க முடிந்தால், எழுதிய கம்பெனிக்கு எதிரான அர்த்தத்தைத்தான் எடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது என்கிறீர்கள். கேட்காத கட்டணத்தைக் கூடையில் நைசாகச் சேர்ப்பதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. நல்ல பாயின்ட்தான், ஆனால் உங்கள் வழக்கில் அதைத் தொடாதீர்கள். “அந்த 747-ஐ என் சம்மதமில்லாமல் வாங்கினார்கள்” என்று ஒரு பத்தியிலும், “அந்த 747-க்கான பாதுகாப்பைக் கொடு” என்று அடுத்த பத்தியிலும் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம். உங்களுக்கு வேண்டியது 2,999 என்ற உச்சவரம்பு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உச்சவரம்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்த பில் நிற்குமா? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74: ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான ஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் மேல்வரம்பு. நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆக வேண்டும் என்று கைலாஷ் நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பம்பர் மாற்றினார்களா, டிங்கரிங் பெயின்டிங்கோடு விட்டார்களா? பட்டறையின் வரி ரசீது, கழற்றிய பம்பரின் படம், தேதி கேளுங்கள். ஒரு சாண் கீறலுக்குப் புது பம்பர் என்பதை நான் நம்ப மாட்டேன். 2,160 ஜிஎஸ்டி பட்டறை பில்லில் இருந்தால் அதைக் காட்டட்டும். கம்பெனி தானாகச் சேர்த்தது என்றால், ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடு சேவைக்கான விலை ஆகாது என்ற 2022 ஆகஸ்ட் ஜிஎஸ்டி சுற்றறிக்கையை எடுத்துக் காட்டுங்கள்.

வண்டி ஓடாத மூன்று நாளுக்கு 7,200 என்பதில் அவர்கள் தடுமாறுவார்கள். அந்த நாட்களில் வண்டி பட்டறையில் நின்றதற்கு உள்ளே போன, வெளியே வந்த பதிவு வேண்டும். அதைவிட, அந்த வண்டிக்கு அதே தேதிகளில் வேறு புக்கிங் இருந்ததா என்று கேளுங்கள். அவர்களின் கணினியிலேயே பதில் இருக்கிறது. தராவிட்டால் அந்தப் பதிவைத் தாக்கல் செய்யச் சொல்லி நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடலாம். வேகத்துக்கான 2,000 பெயருக்குத்தான் ‘அபராதம்’. அபராதம் போடுவது போலீசும் ஆர்டிஓவும் செய்யும் வேலை. அரசின் பரிவாகன் தளத்தில் அந்த வண்டிக்கு அந்தத் தேதியில் இ-சலான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் பொறுப்பு, கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அந்த வேகத்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று: வண்டி எந்த போர்டு? செல்ஃப் டிரைவுக்கு முறையாகப் பதிவான வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை போர்டு, அதாவது யாரோ ஒருவரின் சொந்த வண்டி என்றால், வாடகைக்கு விட்டதே சட்டவிரோதம், பெர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு, இன்சூரன்ஸும் கைவிரிக்கும். அப்படியானால் பம்பரை விடுங்கள், அந்த மூன்று நாளில் யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளை போர்டு என்றால் மேலே எதுவும் செய்யும் முன் எனக்கு எழுதுங்கள், வாதமே மாறும்.

உங்கள் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பையன் “பரவாயில்லை” என்றதற்குச் சாட்சி உங்கள் மனைவி மட்டும். நீங்கள் அனுப்பிய வீடியோ வண்டி எடுத்த இரவு எடுத்தது. பம்பரின் அடிப்பக்கம் இருட்டில் தெரியவே இல்லை. நல்லவேளையாக, கீறலை நீங்கள் மறுக்கவில்லை என்பதால் இது பெரிய ஓட்டை ஆகாது. வண்டியை ஒப்படைத்தபோது இரு தரப்பும் கையெழுத்திட்ட சேதப் பட்டியல் எங்கே, ஆறு நாள் எங்கே போனீர்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். வீடியோ இருக்கும் போனை மாற்றிவிடாதீர்கள்.

வழக்கு எங்கே? சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் போடலாம். ‘பெங்களூரு நீதிமன்றங்கள் மட்டுமே’ என்ற வரியோ, ‘மத்தியஸ்தம்தான்’ என்ற வரியோ இதைத் தடுக்காது. நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது, இணையத்திலும் தாக்கல் செய்யலாம், இரண்டு வருடம் அவகாசம். ஒரு நுணுக்கம்: மனுவில் ‘சேவைக் குறைபாடு’, ‘நேர்மையற்ற வணிக முறை’ என்று எழுதுங்கள். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டால் அது மாநில ஆணையத்தின் அதிகாரம், சென்னைக்கு அலைய வேண்டி வரும்.

அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியுங்கள். இந்த அளவுத் தொகைக்குப் பல கம்பெனிகள் அங்கேயே இறங்கி வரும். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள்: கீறலை ஒப்புக்கொள்கிறேன், என் பொறுப்பு 2,999 வரை, அதை டெபாசிட்டில் கழித்துக்கொண்டு மீதி 2,001 ரூபாயைப் பதினைந்து நாளில் திருப்பித் தரவும், அதற்கு மேல் கேட்டால் ரசீதுகளை அனுப்பவும். முழு 5,000-மும் வேண்டும் என்று கேட்கத் தோன்றும், வேண்டாம். தர வேண்டியதைத் தருகிறேன் என்று முதல் கடிதத்திலேயே சொன்ன ஆளைத்தான் ஆணையம் நம்பும்.