தோட்ட விவரம் கேட்பவர், பணம் தரும் தேதியையும் சொல்லட்டும்

கேள்வி: தாண்டிக்குடியில் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் காப்பிப் பழத்தை வாங்கி, உரித்து உலர்த்தி ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு அனுப்புகிறேன். பணம் வர 90 நாள் ஆகிறது. இப்போது எந்தத் தோட்டத்துப் பழம் என்ற விவரமும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பணம் சீக்கிரம் கிடைக்க வழி உண்டா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: விவரத்தைத் தயங்காமல் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டப்படி, 31.12.2020-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி அங்கே விற்பனைக்குப் போக முடியாது; ஆகவே தோட்டத்தின் இருப்பிடத்தை அவர்கள் காட்டியாக வேண்டும். நான்கு ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கு ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும், கைபேசியிலேயே குறித்துவிடலாம். கடினமான வேலை உங்கள் களத்தில்தான் இருக்கிறது. பழம் எடை போடும்போதே தோட்டம், கிலோ, தேதி மூன்றையும் ஓர் எண்ணிட்டு நோட்டில் எழுதி, அதே எண்ணை மூட்டைச் சீட்டிலும் எழுதுங்கள். உலர்களத்தில் இரண்டு தோட்டத்துக் கொட்டை கலந்துவிட்டால் பிறகு எந்த நோட்டும் உதவாது. விவசாயிகளின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் விலையை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

இனி பணம். பறிப்பவர்களுக்கு வாரக் கூலி கொடுக்கும் விவசாயியால் 90 நாள் காத்திருக்க முடியாது என்பதால், அந்தக் கடன் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. இது நியாயமே இல்லை. அரசின் 'உத்யம்' பதிவுத் தளத்தில் குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் (பதிவுக்குக் கட்டணம் கிடையாது), 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் சரக்கை ஏற்ற 45 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டு வரை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. வாங்குபவரின் கணக்காளரிடம் இதைச் சொன்னால் உடனே காது கொடுப்பார்.

அதற்கும் முன்பே பணம் வேண்டுமென்றால் 'டிரெட்ஸ்' தளம் உண்டு. வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்லுக்கு வங்கிகள் போட்டியிட்டு வட்டி சொல்லும்; குறைந்த வட்டியை நீங்கள் ஏற்றதும் பணம் வந்துவிடும். கெடு நாளில் வாங்குபவர் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திரும்பி வராது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர்வது கட்டாயம். ஆனால் உங்கள் பில்லை அதில் ஏற்றும்படி நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். தோட்ட விவரத்தை ஒப்படைக்கும் அதே கடிதத்தில் அதையும் கேளுங்கள்.